மண்கோட்டை ஊர்களைக் காணச் செல்வோருக்கு

ஆனி மாதம் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கியதும், சுற்றுவட்டாரத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் பயணம் பற்றிய பேச்சும் எழுவது வழக்கம். அங்கத்தினர்கள் குடும்பத்தோடு வண்டி அமர்த்திக்கொண்டு தென்காசிக்கு வருகிறார்கள். காசி விசுவநாதரைத் தரிசிக்கிறார்கள். ஐந்தருவியிலும் பேரருவியிலும் நீராடுகிறார்கள். மாலையில் ஊர் திரும்புகிறார்கள். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தறிக்குழியில் ஆண்டு முழுவதும் காலை ஊன்றியவனுக்கும், வயலில் முதுகு வளைந்தவனுக்கும் அருவி நீரைவிடச் சிறந்த மருந்து எது?

ஆயினும், இப்பயணத்தோடு இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொள்ள இயலுமானால், நம் நாட்டுச் சரித்திரத்தில் நீங்கா இடம் பெற்ற கோட்டை ஊர்கள் சிலவற்றையும் கண்டு வரலாம். தென்காசிக்கு வடக்கே வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே சென்றால் ஒட்டப்பிடாரத்துக்கு அருகில் பாஞ்சாலங்குறிச்சி இருக்கிறது. முதலிரண்டும் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்தவை; மூன்றாவது தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வூர்களில் எதைக் காணலாம், கண்டதை எவ்வாறு அறிந்துகொள்ளலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாளையமும் கோட்டையும்

மதுரையில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்ற பதினாறாம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பகுத்தனர் என்பது மரபு. ஒவ்வொரு பாளையத்துக்கும் ஒரு பாளையக்காரர். அவர் வரி தண்டுவார், ஊர்க்காவல் புரிவார், அரசர் அழைத்தபோது படையோடு செல்வார். அவர் தங்கியிருந்த ஊரில் ஒரு கோட்டை இருந்தது.

கோட்டை என்றதும் செஞ்சியையும் திண்டுக்கல்லையும் நினைத்துக்கொண்டு செல்பவர் ஏமாற்றம் அடைவார். இச்சீமைப் பாளையக்காரர்களின் கோட்டைகளுள் புகழ்பெற்ற பல, மண்ணால் எழுப்பப்பட்டவை. உழவன் வயலில் மிதித்துக் குழைக்கும் அதே மண். அவன் களத்தில் சேரும் அதே வைக்கோல். அவன் வரப்பில் நிற்கும் அதே பனை. இவையே கோட்டைக்குரிய பொருள்கள். தொலைவிலிருந்து கல் கொண்டுவர வேண்டியதில்லை. பெரும் பொருட்செலவும் இல்லை. ஆனால் ஆட்கள் வேண்டும். பல கைகள் ஒருங்கே உழைக்க வேண்டும்.

மண்சுவர்தானே என்று எண்ணிவிடக்கூடாது. பீரங்கிக் குண்டு கற்சுவரில் மோதினால் கல் பிளந்து சிதறும். ஓரிடம் பெயர்ந்தால் அதன் மேலிருப்பதும் சரியும். கனத்த மண்சுவரில் பாய்ந்த குண்டோ புதைந்துபோகும். சுவரில் பள்ளம் விழுந்தாலும், உள்ளிருப்பவர்கள் கையிலுள்ள பொருளைக்கொண்டே அதை அடைத்துவிடலாம். வாசுதேவநல்லூர் முற்றுகையில் இதுவே நிகழ்ந்தது.

நெல் கட்டாத ஊர்

நெற்கட்டும்செவல், சங்கரன்கோவிலுக்கும் வாசுதேவநல்லூருக்கும் இடைப்பட்ட பகுதியில் உள்ளது. செவல் என்பது செம்மண் நிலத்தைக் குறிக்கும் சொல். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் இப்பாளையத்தை ஆண்டவர் பூலித்தேவர். நெல்லைத் தீர்வையாகக் கட்டிவந்த ஊர் நெற்கட்டும்செவல் என்றும், பூலித்தேவர் கட்ட மறுத்த பின்னர் அது நெற்கட்டான்செவல் ஆயிற்று என்றும் அவ்வூரார் பெயர்க்காரணம் கூறுவர். பெயர் பிறந்த வரலாறு எவ்வாறாயினும், பூசல் தீர்வையைப் பற்றியது என்பதில் ஐயமில்லை.

அக்காலத்தில் ஆர்க்காட்டு நவாபு தென்சீமை வரி தமக்குரியது என்றார். வரியைத் தண்டுவதற்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையைத் துணைக்குப் பெற்றார். 1755-ஆம் ஆண்டில் கர்னல் ஹெரான் என்பவர் நவாபின் தமையனார் மாபூஸ்கானோடு தெற்கே வந்து, நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் நின்றார். அவருடைய சிறு பீரங்கிகள் அம்மண்சுவரைத் தகர்க்கப் போதவில்லை. இருபதினாயிரம் ரூபாய் செலுத்தினால் திரும்பிச் செல்வதாகச் சொல்லி அனுப்பினார். வந்திருக்கும் படையிடம் பெரிய பீரங்கியும் இல்லை, போதிய உணவும் இல்லை என்பதை அறிந்த பூலித்தேவர், பணம் தர மறுத்தார். ஹெரான் மதுரைக்குத் திரும்பினார். கட்டபொம்மனின் போருக்கு 44 ஆண்டுகள் முற்பட்ட நிகழ்ச்சி இது.

பிறகு கான்சாகிபு எனப்பட்ட யூசுப்கான் வந்தார். 1759-இல் அவர் வாசுதேவநல்லூர்க் கோட்டையை முற்றுகையிட்டுத் தோல்வியுற்றார். 1761-இல் நெற்கட்டும்செவல், வாசுதேவநல்லூர், பனையூர் ஆகிய கோட்டைகளைக் கைப்பற்றினார். 1764-இல் யூசுப்கானையே நவாபும் கம்பெனியாரும் மதுரையில் தூக்கிலிட்டனர். அவருக்குப்பின் எதிர்ப்பு மீண்டும் தலையெடுத்தது. 1767-இல் கர்னல் டொனால்டு காம்பெல் வாசுதேவநல்லூரைத் தாக்கினார். குண்டு விழுந்து சுவர் உடைந்த இடங்களையெல்லாம், உள்ளிருந்த வீரர்கள் குண்டுமழைக்கு நடுவிலேயே வைக்கோலையும் பனைமரத் துண்டுகளையும் இட்டு உடனுக்குடன் அடைத்தார்கள். எதிரியாய் வந்த காம்பெல்லே அவர்களுடைய துணிவை வியந்து எழுதினார். முடிவில் கோட்டை வீழ்ந்தது.

இப்போர்களில் உயிர் கொடுத்தவர்கள் பல குலத்தவர். படைத்தலைவர்களில் ஒருவராகிய ஒண்டிவீரனின் பெயரை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வருகிறார்கள்; அவருக்குப் பாளையங்கோட்டையில் மணிமண்டபம் எழுப்பப்பட்டிருக்கிறது. ஆனால் சுவரை அடைத்த கைகள் யாருடையவை என்று எக்கல்வெட்டும் சொல்லவில்லை.

நெற்கட்டும்செவலில் இன்று காணத்தக்கது, அரசாங்கம் எழுப்பியுள்ள பூலித்தேவர் நினைவு மாளிகை. ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் நாள் அவருடைய பிறந்தநாள் விழா அங்கு நடைபெறுகிறது. சங்கரன்கோவிலில் சங்கரநாராயணர் ஆலயத்துக்குள் பூலித்தேவர் அறை என்று ஓரிடத்தைக் காட்டுவார்கள். சிறைப்பட்ட அவர், தெய்வத்தை வணங்கிவர அனுமதி பெற்று உள்ளே சென்று, அங்கேயே மறைந்தார் என்பது மக்கள் நம்பிக்கை.

ஒரு வாரத்தில் எழுந்த சுவர்

அடுத்துக் காணவேண்டியது பாஞ்சாலங்குறிச்சி. இக்கோட்டையும் மண்ணால் ஆனதே. நீளம் ஏறத்தாழ 500 அடி, அகலம் 300 அடி. நமது சங்கத்து நெசவாளர் குடியிருப்பு ஒன்று இவ்வளவு இடத்துக்குள் அடங்கிவிடும். கம்பெனிப் படையைத் தடுத்து நிறுத்திய கோட்டை இத்தனை சிறியதா என்று காண்போர் வியப்பர்.

1799 செப்டம்பர் 5-ஆம் தேதி மேஜர் பானர்மன் இதைத் தாக்கினார். அன்றைய தாக்குதல் பலிக்கவில்லை. கம்பெனிப் படைக்குச் சேதம் மிகுந்தது. பின்னர் கட்டபொம்மனும் அவரைச் சேர்ந்தவர்களும் கோட்டையை விட்டு வெளியேறினார்கள். அடுத்த மாதம் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அவருடைய தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டையில் சிறைவைக்கப்பட்டார்.

1801 பிப்ரவரி 2-ஆம் தேதி ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். ஒரு வாரம் கழித்து மேஜர் மெக்காலே படையோடு பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தபோது, வெறும் தரையாக இருக்கும் என்று எண்ணிய இடத்தில் கோட்டைச் சுவர் மீண்டும் எழுந்து நின்றது. சுவரின்மேல் வீரர்கள் நின்றார்கள்.

அங்கத்தினர்கள் இவ்விடத்தில் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். ஒரு வாரத்தில் ஒரு கோட்டையை எழுப்புவது எங்ஙனம்? மண் வெட்ட ஆள் வேண்டும். நீர் சுமக்க ஆள் வேண்டும். மிதித்துக் குழைக்க, கூடையில் எடுத்துக் கொடுக்க, அடுக்கி இறுக்க ஆள் வேண்டும். இத்தனை பேருக்கும் கூழ் காய்ச்ச வேண்டும். ஒரு தலைவனின் வீரம் மட்டும் இதைச் செய்துவிட முடியாது. ஊர் முழுவதும் ஒன்றுகூடிக் கைகொடுத்ததால் அல்லவா அது நிறைவேறியது! மார்ச் 31-ஆம் தேதி நடந்த பெருந்தாக்குதலையும் அச்சுவர் தாங்கியது. புதிய படைகளும் பெரிய பீரங்கிகளும் வந்து சேர்ந்தபின், மே 24-ஆம் தேதி கர்னல் அக்னியூ அதைக் கைப்பற்றினார். மீண்டும் இடித்தார்கள். கோட்டை நின்ற நிலத்தை உழுது ஆமணக்கு விதைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. உழவனுக்குரிய ஏரைக்கொண்டே ஓர் ஊரின் நினைவை அழிக்க முயன்றார்கள்.

எது பழையது, எது புதியது?

இன்று பாஞ்சாலங்குறிச்சிக்குச் செல்பவர் முதலில் காண்பது 1974-ஆம் ஆண்டு தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. உள்ளே கட்டபொம்மனின் வரலாற்றை விளக்கும் ஓவியங்கள் தீட்டப்பட்டிருக்கின்றன. பிள்ளைகளுக்கு இவற்றைக் காட்டிக் கதை சொல்வது எளிது. அருகில் வீரஜக்கதேவி ஆலயம் இருக்கிறது. போரில் மாண்ட கம்பெனிச் சிப்பாய்களின் கல்லறைகளும் அப்பக்கத்தில் உள்ளன.

ஆனால் பலர் இத்துடன் திரும்பிவிடுகிறார்கள். பழைய கோட்டை இருந்த இடத்தில் 1968-69-இல் தமிழகத் தொல்லியல் துறையினர் அகழ்ந்து ஆராய்ந்தனர். அங்குள்ள பழைய கட்டட அடித்தளங்கள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. உயர்ந்த வாயிலோ வண்ண ஓவியமோ அங்கு இல்லை. தரையோடு தரையாக இருப்பவை அவை. எனினும் ஊமைத்துரை கண்ட ஊருக்குச் சான்று கூறுபவை அவையே. புதிய கோட்டை நமது காலத்தவர் செலுத்திய மரியாதை. அடித்தளமோ அக்காலமே விட்டுச்சென்ற பொருள். இரண்டும் வேண்டும். ஒன்றை மற்றொன்றாக எண்ணுவதுதான் பிழை.

இதை நெசவாளர்க்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. பாட்டி உடுத்திய பழஞ்சேலையைப் பார்த்து அதே கரையும் அதே கட்டமும் கொண்ட புதுச்சேலையை நெய்யலாம். அது நல்ல வேலை, போற்றத்தக்க வேலை. அதற்காகப் பழஞ்சேலையைக் கிழித்துத் துடைப்புத் துணியாக்கிவிடுவோமா? அதன் இழையில் அல்லவா அக்காலத்து நூல் எண்ணும் சாயமும் தங்கியிருக்கின்றன! அது போய்விட்டால், புதுச்சேலை சரியாக நெய்யப்பட்டதா என்று ஒத்துப்பார்க்கவும் ஒன்றும் மிஞ்சாது. கோட்டைகளின் நிலையும் இதுவே.

மண்கோட்டைகள் இவ்வளவு விரைவாக மறைந்ததற்குப் பகைவரின் பீரங்கி மட்டும் காரணமன்று. மண்சுவருக்கு ஆண்டுதோறும் பராமரிப்பு வேண்டும். மழைக்கு முன் விரிசலைப் பூசி, மேல்விளிம்பைச் செப்பனிட்டு, அடியில் நீர் தேங்காமல் வழிவிட வேண்டும். சில ஆண்டுகள் கவனியாது விட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையே அதைக் கரைத்துவிடும். பகைவரின் குண்டுக்கு ஈடுகொடுத்த சுவர், ஊராரின் கைகள் விலகியதும் தானே மண்ணோடு மண்ணாயிற்று.

புதுப்பித்தல் என்பது என்ன?

ஓர் ஊரின் பழம்பெருமையைப் புதுப்பிப்பது எவ்வாறு என்பதற்குத் தென்காசியிலேயே ஒரு சான்று உண்டு. காசி விசுவநாதர் ஆலயத்தைப் பராக்கிரம பாண்டியன் 1446-இல் கட்டத் தொடங்கினான். பிற்காலத்தில் அதன் இராஜகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டையாகவே நின்றது. 1990-இல்தான் ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுந்தது. பாண்டியன் அங்கு பொறித்துவைத்த செய்யுள் ஒன்று நெஞ்சை உருக்குவது. இவ்வாலயத்துக்கு என்றேனும் ஒரு குறை நேர்ந்தால், அதை நீக்கிக் காப்பவர் எவராயினும் அவரை உலகறியப் பணிகின்றேன் என்பது அதன் கருத்து. கட்டியதோடு வேலை முடிந்துவிடவில்லை, காப்பவன் தன்னினும் பெரியவன் என்று ஓர் அரசனே எழுதிவைத்தான்.

கோட்டையும் ஊரும் சேர்ந்து புதுப்பிக்கப்பட்டதைக் காண விரும்புவோர், வேறொரு சமயம் மயிலாடுதுறை மாவட்டத்திலுள்ள தரங்கம்பாடிக்குச் செல்லலாம். தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று, 1620-இல் டென்மார்க்கு நாட்டார் கடற்கரையில் அங்கு ஒரு கோட்டை கட்டினர். மிளகுக்காக வந்தவர்கள், நாளடைவில் நம் நெசவாளர் நெய்த துணிகளையும் வாங்கிக் கப்பலேற்றினர். 1845-இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுச் சென்றனர். கோட்டையைத் தொல்லியல் துறை காத்துவருகிறது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அவ்வூரைத் தாக்கிய பின்னர், கோட்டையோடு நில்லாமல் தெருக்களிலும் புதுப்பிக்கும் வேலை நடந்தது. தட்டார் தெருவில் பழைய வீடுகள் சில, பழைய முறையிலேயே செப்பனிடப்பட்டன. சுண்ணாம்புச் சாந்து அரைக்கவும், நாட்டோடு வேயவும், பழைய மரவேலையைச் சீர்செய்யவும் தெரிந்த கைகள் இருந்தால்தான் இவ்வித வேலை நடைபெறும். கட்டடத்தைக் காக்க வேண்டுமானால் தொழிலையும் காக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

பயணத்துக்குச் சில யோசனைகள்

தென்காசியிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, கடையநல்லூர், புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூரை அடையலாம். புளியங்குடி எலுமிச்சைக்குப் பெயர்பெற்றது. தோட்டப்பயிர் செய்யும் அங்கத்தினர்கள் அதன் சந்தையைச் சிறிது நேரம் பார்ப்பது பயன் தரும். பிறகு நெற்கட்டும்செவல், நண்பகலில் சங்கரன்கோவில். அங்கிருந்து கோவில்பட்டி வழியாகப் பாஞ்சாலங்குறிச்சி செல்லலாம். திரும்பும்போது கயத்தாற்றில் கட்டபொம்மன் நினைவிடத்தைக் கண்டு, திருநெல்வேலி வழியாகத் தென்காசியை அடையலாம். முதியோரும் குழந்தைகளும் உடன் வந்தால் இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொள்வது நலம். சாரல் காலத்தில் குற்றாலம் குளிர்ந்திருந்தாலும், கிழக்கேயுள்ள சமவெளியில் வெயிலும் காற்றும் கடுமையாக இருக்கும். குடிநீரும் தலைக்குத் துண்டும் அவசியம்.

எவ்வூருக்குச் சென்றாலும், நினைவு மாளிகையைப் பார்த்ததோடு நிறுத்தாமல் ஊரிலுள்ள பெரியோர் ஒருவரை அணுகி வினவுங்கள். பழைய சுவர் எவ்வழியே சென்றது? எந்தப் புஞ்சைக்கு என்ன பெயர்? கோட்டைக்கு நீர் தந்த கண்மாய் எது? இவற்றைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். புத்தகத்தில் ஏறாத சரித்திரம் நிலத்தின் பெயர்களில் தங்கியிருப்பது உண்டு. கேட்க ஆளில்லாமற்போனால் அப்பெயர்களும் ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

பழைய இடங்களில் கிடக்கும் செங்கல் துண்டையோ பானை ஓட்டையோ நினைவுப் பொருளாக எடுத்துவரக்கூடாது. அது கிடக்கும் இடமே அதன் பொருளை உணர்த்துவது. இடம்பெயர்ந்தால் வெறும் ஓடு. சுவரில் பெயர் கிறுக்குவதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

இவ்விடங்களைச் சாதிப் பெருமைக்குரிய களமாக்கிக்கொண்டு, அவன் வீரன் எங்களவன், இவன் வீரன் உங்களவன் என்று பிணங்குவதும் தகாது. ஒரு வாரத்தில் எழுந்த சுவரில் எந்தக் கூடை மண் எந்தச் சாதியினுடையது என்று பிரித்தெடுக்க எவரால் இயலும்?

பயணம் முடிந்தபின் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், கண்டுவந்தவற்றை ஒருவர் எழுந்து சொல்லட்டும். அத்தோடு வேறொரு கேள்வியையும் அங்கத்தினர்கள் எழுப்பிக்கொள்ளலாம். நமது சொந்த ஊரில் கவனிப்பாரற்றுக் கரைந்துகொண்டிருப்பது எது? கண்மாய்க் கரையா? நூறாண்டுச் சாவடியா? பாவு ஓடும் தெருவில் நிழல் தந்த மரவரிசையா? அவற்றுள் ஒன்றையேனும் வரும் மழைக்கு முன் சங்கத்தின் சார்பில் செப்பனிட முடிவு செய்தால், கோட்டை காணச் சென்ற செலவு வீண்போகவில்லை என்று கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.